உடலில் இரும்பின் வரவும் செலவும்

(தசலட்சண பருவ விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மகாவீர் ஜயந்தியை ஒட்டி ஊர்கள் பலவற்றில் குருதிக்கொடை முகாம்கள் நடைபெறுவதை அனைவரும் அறிவர். கொடை அளிக்க வந்தவரின் விரல்நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தை எடுத்து, நீலநிறக் கரைசல் நிறைந்த சிறு கண்ணாடிக் குவளையில் விடுவது அங்கே ஒரு வழக்கம். அது மயில்துத்தக் கரைசல். துளி நேரே கீழே இறங்கினால் அதில் ஹீமோகுளோபின் போதிய அளவு உள்ளது என்று பொருள். மேலேயே தயங்கி மிதந்தால், "இம்முறை வேண்டாம்" என்று முகாமினர் பணிவோடு சொல்லிவிடுவர். கொடைக்கு வேண்டிய குறைந்த அளவு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12.5 கிராம் ஹீமோகுளோபின்.

துளி மிதப்பது பெரும்பாலும் பெண்களுக்கே. கல்லூரியில் பயிலும் மகள், இரு குழந்தைகளைப் பெற்ற மருமகள், பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியை எனப் பிறர்க்கு உதவ வந்தவர்கள் தமக்கே ஒரு குறை உண்டென்று அறிந்து வீடு திரும்புகின்றனர். வீட்டில் ஆளுக்கொரு மருந்து சொல்வர். பாட்டி முருங்கைக்கீரை என்பார். அத்தை பேரீச்சம்பழம் என்பார். மருந்துக்கடைக்காரர் ஒரு டானிக் புட்டியை எடுத்து நீட்டுவார். அண்டை வீட்டார் ஒருவர், "கறி, மீன் சேர்க்காத வீட்டில் இரத்தம் எப்படி ஊறும்?" என்று கேட்டுவிட்டுப் போவார். அந்தக் கேள்வி தைக்கும். கொல்லாமையை உயிராகக் கொண்ட ஒரு குடும்பத்தில், பெண்ணின் சோர்வுக்கு அக்குடும்பத்தின் அறமே காரணம் என்று அது குற்றம் சாட்டுகிறது. அக்குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் உண்மை, எவ்வளவு தூரம் அறியாமை என்பதைக் காண, மனித உடல் இரும்பை எவ்வாறு ஆள்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள இரும்பு முழுவதையும் ஒன்று திரட்டினால் 3 முதல் 4 கிராம் வரை தேறும். ஒரு சிறிய ஆணியின் எடை. அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் அடங்கியுள்ளது. மூச்சில் வரும் உயிர்வளியை உடலெங்கும் சுமந்து செல்வது இந்த இரும்பே. தசைகளிலும் நொதிகளிலும் சிறிதளவு உண்டு. எஞ்சியது கல்லீரல் முதலிய இடங்களில் சேமிப்பாக இருக்கும்.

எலும்பு மச்சை ஒவ்வொரு நொடியும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புதிய சிவப்பணுக்களை உருவாக்குகிறது. இவ்வேலைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆயின் உணவிலிருந்து உடலுக்குள் நுழையும் இரும்பு நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மீதி எங்கிருந்து வருகிறது? பழைய வீட்டைப் பிரிப்பவர் மரத்தையும் ஓட்டையும் வீணாக்காமல் புதிய வீட்டுக்கு எடுத்து வைப்பார் அன்றோ, அவ்வாறே உடலும் செய்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். முதுமையுற்ற அணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் பிரித்து, உள்ளிருக்கும் இரும்பைத் தனியே எடுத்து மீண்டும் மச்சைக்கு அனுப்புகின்றன. இன்று ஒருவர் உடலில் ஓடும் இரும்பின் பெரும்பகுதி பல ஆண்டுகளுக்கு முன் அவர் உண்ட உணவிலிருந்து வந்ததாகும்.

வரவு இவ்வளவு சிறிதாக இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. செலவுக்கு வழியே இல்லை. உப்பு மிகுந்தால் சிறுநீரகம் வெளியேற்றும். நீர் மிகுந்தாலும் அவ்வாறே. இரும்பு மிகுந்தால் அதனை வெளியே தள்ள உடலில் எந்த உறுப்பும் அமைக்கப்படவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த ராபர்ட் மெக்கான்ஸ், எல்சி விட்டோசன் ஆகிய இருவரும் 1930களின் பிற்பகுதியில் இதனை ஆராய்ந்தனர். இரும்பை நரம்பின் வழியே செலுத்தி, பின்னர் வெளியேறும் கழிவை அளந்து பார்த்தனர். உள்ளே போன இரும்பு திரும்பி வரவேயில்லை என்று சொல்லுமளவுக்கு வெளியேற்றம் சிறிதாக இருந்தது. தோலும் குடலும் அன்றாடம் உதிர்க்கும் அணுக்களோடு ஒரு மில்லிகிராம் அளவு கழியும். அதற்குமேல் இரும்பு வெளியேற ஒரே வழி இரத்தம் வெளியேறுவதுதான்.

வெளியேற்ற இயலாத பொருளை உள்ளே விடுவதில் எச்சரிக்கை வேண்டும். இரும்பு தனித்து உலவினால் தீமை செய்யும். அருகிலுள்ள அணுச்சவ்வுகளையும் மரபுப்பொருளையும் தாக்கும் வேதிப்பொருள்களைப் பிறப்பிக்கும். ஆகவே உடல் அதனை ஒருபோதும் தனியே விடுவதில்லை. இரத்தத்தில் செல்லும்போது டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் அதனைச் சுமக்கிறது. சேமிப்பில் இருக்கும்போது ஃபெரிட்டின் என்னும் புரதக்கூடு அதனை அடைத்து வைக்கிறது. ஒரு கூட்டுக்குள் 4,500 இரும்பணுக்கள் வரை அடங்கும்.

நுழைவாயில் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் உள்ளது. அங்குள்ள அணுக்கள் உணவிலிருந்து இரும்பை எடுத்துக்கொள்கின்றன. எடுத்ததனாலேயே அது உடலைச் சேர்ந்துவிடாது. குடலணுவின் மறுபக்கத்தில் ஃபெரோபோர்ட்டின் என்னும் கதவு உண்டு. அது திறந்திருந்தால் இரும்பு இரத்தத்தில் கலக்கும். மூடியிருந்தால் இரும்பு குடலணுவுக்குள்ளேயே தங்கும். 3 முதல் 5 நாளில் அந்த அணு உதிரும்போது இரும்பும் அதனோடு கழிந்து போகும். விழுங்கணுக்களிலிருந்து இரும்பு வெளிவருவதும் இதே வகைக் கதவின் வழியேதான்.

கதவை யார் மூடுகிறார்கள் என்பது இருபதாம் நூற்றாண்டு முழுவதும் விளங்காமலே இருந்தது. விடை தற்செயலாக வந்தது. நுண்ணுயிர்களைக் கொல்லும் இயற்கைப் பொருள்களைத் தேடிக்கொண்டிருந்த ஜெர்மனி, அமெரிக்க ஆய்வாளர்கள், 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் கல்லீரலில் உருவாகும் மிகச் சிறிய புரதம் ஒன்றைக் கண்டனர். 25 அமினோ அமிலங்களே கொண்ட அதற்கு ஹெப்சிடின் என்று பெயரிட்டனர். கல்லீரலையும் கொல்லும் தன்மையையும் குறிக்கும் பெயர். அதே 2001ஆம் ஆண்டில் பாரிஸ் நகர ஆய்வாளர்கள், ஹெப்சிடின் சுரக்காத எலிகளின் உடலில் இரும்பு அளவின்றிக் குவிவதைக் கண்டனர். நுண்ணுயிர்க்கொல்லி என்று நினைத்தது இரும்பின் வாயிற்காவலனாக வெளிப்பட்டது. ஹெப்சிடின் நேரே சென்று ஃபெரோபோர்ட்டின் கதவைப் பற்றி, அதனைச் சிதைத்து மூடிவிடுகிறது என்பது 2004இல் தெளிவாயிற்று.

சேமிப்பு நிறைந்தால் கல்லீரல் ஹெப்சிடினை மிகுதியாகச் சுரக்கும், கதவு மூடும். சேமிப்பு குறைந்தாலோ, இரத்தம் இழந்து மச்சை புதிய அணுக்களை விரைந்து உருவாக்க வேண்டியிருந்தாலோ ஹெப்சிடின் குறையும், கதவு திறக்கும். சிராவகர்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமை ஒன்று. இவ்வளவு போதும் என வரைந்துகொள்வது அது. கல்லீரல் செய்வதும் ஏறத்தாழ அதுவே. ஆயினும் அவ்வுவமையை மேலும் இழுத்தல் வேண்டா. உடலின் வரையறை வேதியியல். அதில் விருப்பும் இல்லை, துறவும் இல்லை.

இனி அண்டை வீட்டாரின் கேள்விக்கு வரலாம்.

புலாலில் உள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீம் என்னும் வடிவில் உள்ளது; அது எளிதில் உட்கவரப்படும். தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்பு வேறு வடிவினது. அதில் உடலைச் சேர்வது நூற்றுக்கு 2 முதல் 20 பங்கு வரை மாறுபடும். புலால் மறுத்தவர்களின் சேமிப்பு இரும்பு சராசரியில் குறைவு என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனை மறைப்பதில் பயனில்லை. ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) கூறுவதையும் கேட்டல் வேண்டும். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர்க்கு இரத்தச்சோகை உண்டு. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர்க்கு மேல். தமிழ்நாட்டுக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை புலால் உண்பவை. எனவே கறியும் மீனும் உண்ணும் வீட்டுப் பெண்களிலும் பாதிப்பேர் அளவுக்கு இக்குறையோடு வாழ்கின்றனர். குற்றம் கொல்லாமையின் மீது அன்று. மாதவிலக்கில் இழக்கும் இரத்தம், அடுத்தடுத்த மகப்பேறு, வயலில் வெறுங்காலோடு நடப்பவரைப் பற்றும் கொக்கிப்புழு, எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கம், உணவோடு சேர்த்துக் குடிக்கும் காப்பி, தேநீர் ஆகிய அனைத்தும் அதில் பங்கு கொள்கின்றன.

பெண்ணின் கணக்கைத் தனியே பார்த்தல் தகும். ஆணுக்குச் செலவு நாளுக்கு ஒரு மில்லிகிராம் என்றால், மாதவிலக்குள்ள பெண்ணுக்கு அதனோடு மேலும் அரை முதல் ஒரு மில்லிகிராம் சராசரியாகச் சேரும். மிகுதியாக இரத்தம் போகும் பெண்ணுக்கு இன்னும் கூடுதல். ஒரு கருவுற்ற காலம் முழுமைக்கும் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். திருமணத்திற்கு முன்பே சேமிப்பு வற்றிய பெண் அதனை எங்கிருந்து எடுப்பாள்? சேமிப்பு முதலில் வற்றும். ஹீமோகுளோபின் கடைசியாகத்தான் குறையும். ஹீமோகுளோபின் 12 இருக்கிறது என்று நிறைவடைந்த பெண்ணிடம் ஃபெரிட்டின் 8 இருக்கக்கூடும். களைப்பு, மூச்சிரைப்பு, முடி உதிர்தல், இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் உறுத்தல், பச்சரிசியையும் மண்ணையும் வாயில் போட்டுக்கொள்ளும் ஆசை ஆகியவை அக்காலத்தில் தோன்றலாம். அரிசி தின்னும் பெண்ணைத் திட்டுவதைக் காட்டிலும் அவள் இரத்தத்தைச் சோதிப்பது பயன் தரும்.

உணவில் செய்யத்தக்கவை சில உண்டு. எவ்வளவு இரும்பை உண்கிறோம் என்பதைவிட அதனை எதனோடு உண்கிறோம் என்பது முக்கியம். எலுமிச்சை, நெல்லி, கொய்யா, தக்காளி ஆகியவற்றில் உள்ள வைட்டமின் சி, தாவர இரும்பை உட்கவரத் துணை செய்கிறது. பருப்புச் சோற்றின்மேல் பிழிந்த எலுமிச்சைச் சாறு சுவைக்காக மட்டும் அன்று. வைட்டமின் சி சூட்டில் அழிவது; ஆகவே கொதிக்கும் பாத்திரத்தில் பிழியாமல் இலையில் பிழிதல் நலம். தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள பைட்டேட் என்னும் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியன அதனைக் குறைக்கும். இவற்றுள் முளைகட்டியதையும் இரவு கடந்து புளித்ததையும் விலக்கும் இல்லங்கள் உண்டு. நோன்பின் நெறி வீட்டுக்கு வீடு வேறுபடும். அவ்வில்லத்தார் பருப்பை நன்கு ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தலே போதிய உதவி செய்யும். மழைக்காலத்தில் சிற்றுயிர்க்கு அஞ்சிக் கீரையை ஒதுக்குவோர், கம்பு, கேழ்வரகு, கொள்ளு, எள், பயறு வகைகளை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்த பழைய வழக்கமும் நல்லதே. புளிப்பு சட்டியின் இரும்பைச் சிறிது கரைத்து உணவில் சேர்க்கும்.

பீட்ரூட்டைப் பற்றி ஒரு சொல். அதன் சிவப்புக்கும் இரத்தத்தின் சிவப்புக்கும் எந்த உறவும் இல்லை. இரண்டும் வெவ்வேறு நிறமிகள். மண்ணுக்கடியில் விளைவதை விலக்கியவர்கள் அதனை இழந்ததாக வருந்த வேண்டியதில்லை.

காப்பியும் தேநீரும் உண்மையான இடையூறுகள். உணவோடு குடித்த தேநீர் இரும்பு உட்கவர்தலை நூற்றுக்கு 64 பங்கும், காப்பி 39 பங்கும் குறைத்ததை 1983இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அவ்வாய்வில் கவனிக்கத்தக்கது இன்னொன்று. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காப்பி எந்தத் தடையும் செய்யவில்லை. ஒரு மணி நேரம் பின்பு குடித்தது உடன் குடித்ததைப் போலவே தடுத்தது. சிற்றுண்டி முடிந்தவுடன் காப்பி என்னும் வழக்கத்தைச் சற்று மாற்றி, காப்பியை முதலிலும் இட்டிலியை ஒரு மணி நேரம் கழித்தும் வைத்துக்கொள்வது தமிழ் இல்லத்தில் எளிதன்று. ஆயினும் சோகையுள்ள பெண் ஒருத்தி அதனை முயன்று பார்க்கலாம்.

குறை முற்றிய பின் உணவு மட்டும் போதாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். ஹீமோகுளோபின் 9க்கு இறங்கிய 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு, சேமிப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படும். உணவால் நாளுக்கு ஒரு மில்லிகிராம் மிச்சம் பிடித்தாலும் அதனை நிரப்ப மூன்று ஆண்டுகள் ஆகும். அங்கே மாத்திரை வேண்டும். ஃபெரஸ் சல்ஃபேட், ஃபெரஸ் ஃபியூமரேட் முதலியன கனிம உப்புகள். உயிர்க்கொலையால் வருவன அல்ல. ஆனால் முன்பு கால்நடை இரத்தத்திலிருந்து பிரித்த ஹீமோகுளோபினைக் கொண்டு சத்து மருந்துநீர்கள் செய்யப்பட்டதுண்டு. உறைமாத்திரைகளின் உறையில் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருப்பதும் உண்டு. புட்டியிலும் அட்டையிலும் அச்சிட்டுள்ள சேர்மானத்தைப் படித்து, ஐயம் இருப்பின் மருத்துவரிடம் வேறு கேட்டு வாங்குதல் சிராவகர் கடன். இந்த ஐயத்தாலேயே மருந்தை அடியோடு விட்டுவிடுவோரும் உள்ளனர். அது வேண்டாத இழப்பு.

மாத்திரையை எப்படி உண்பது என்பதில் ஹெப்சிடின் ஒரு புதுப்பாடம் கற்பித்தது. 60 மில்லிகிராம் இரும்பு உண்டவுடன் ஹெப்சிடின் உயர்ந்து ஒரு நாள் வரை கதவைச் சாத்தி வைக்கிறது. மறுநாள் உண்ணும் மாத்திரை பாதி மூடிய கதவில் முட்டுகிறது. 2017இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், சேமிப்பு குறைந்த இளம்பெண்களிடையே நாள்தோறும் உண்பதையும் ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பதையும் ஒப்பிட்டனர். நாள்தோறும் உண்டவர்க்கு மாத்திரையின் இரும்பில் நூற்றுக்கு 16 பங்கும், ஒருநாள் விட்டு உண்டவர்க்கு ஏறத்தாழ 22 பங்கும் உடலைச் சேர்ந்தன. வயிற்று எரிச்சலுக்கு அஞ்சி மாத்திரையைக் கைவிடும் பெண்களுக்கு இது நற்செய்தி. பருவ நாட்களில் உபவாசம் இருப்போரும், மாத்திரை ஓரிரு நாள் தள்ளிப்போவது குறித்துக் கலங்க வேண்டியதில்லை. கருவுற்றவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு அரசுத் திட்டம் 180 நாள் நாள்தோறும் சிவப்பு மாத்திரை என வகுத்துள்ளது. மருத்துவர் சொன்னாலன்றி அதனை மாற்றுதல் கூடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையை இரும்போடு சேர்த்து விழுங்காமல் வேறு வேளையில் உண்ண வேண்டும். மலம் கறுப்பது மாத்திரையின் இயல்பு. மாத்திரை அட்டையைச் சிறு குழந்தையின் கைக்கு எட்ட வைப்பது மட்டும் பேராபத்து. இனிப்பென்று எண்ணிப் பலவற்றை விழுங்கிய குழந்தைக்கு இரும்பு நஞ்சாகும்.

இதுவரை பேசியது குறையைப் பற்றி. இரத்தத்தில் இரும்பு குறைந்து காணப்படும் எல்லா நிலையும் குறை அல்ல என்பதும் தெரிய வேண்டும். கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும். தொற்று நுழைந்ததும் உடல் ஹெப்சிடினை உயர்த்தி, இரும்பைக் கிடங்குகளுக்குள் பூட்டிவிடுகிறது. பகைவர்க்குத் தானியம் கிடைக்காதபடி களஞ்சியத்தை அடைப்பது போன்ற உபாயம் அது. தாய்ப்பாலில் உள்ள லாக்டோஃபெரின் என்னும் புரதமும் இவ்வாறே இரும்பைக் கிருமிகளுக்குக் கிடைக்காமல் பிடித்து வைக்கிறது. காய்ச்சல் சில நாளில் நீங்கினால் பூட்டு திறந்துவிடும். காசநோய், முடக்குவாதம், நாட்பட்ட சிறுநீரகக் கோளாறு போன்றவற்றில் பூட்டு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் திறப்பதில்லை. கிடங்கில் இரும்பு இருந்தும் மச்சை பட்டினி கிடக்கும்; சோகை உண்டாகும். இங்கே டானிக்கால் பயன் சிறிது. அடியிலுள்ள நோயைத் தீர்த்தலே மருந்து. தான்சானியாவின் பெம்பா தீவில் மலேரியா மிகுந்த சூழலில் குழந்தைகள் அனைவர்க்கும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2006இல் வெளியாயிற்று. இந்தியரான சுனில் சசாவல் முதலியோர் நடத்தியது. இரும்பு பெற்ற குழந்தைகளிடையே மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடியிருந்தன. நல்லெண்ணத்தோடு கொடுத்ததும் இடமறியாமல் கொடுத்தால் தீங்காகலாம் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் அதன்பின் தன் அறிவுரைகளில் கருத்தில் கொண்டது.

ஃபெரிட்டின் சோதனையைப் படிப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். நலமாக உள்ள பெரியவர்க்கு அது 15க்குக் கீழ் இருந்தால் சேமிப்பு வற்றியது என்பது உறுதி. காய்ச்சலோ அழற்சியோ உள்ளபோது ஃபெரிட்டின் தானே உயர்ந்து காட்டும். அப்போது 70க்குக் கீழ் இருந்தாலே குறை என உலகச் சுகாதார நிறுவனம் கொள்கிறது. ஆகவே காய்ச்சல் நீங்கிச் சில வாரம் கழித்துச் சோதிப்பது தெளிவு தரும்.

மிகுதியால் வரும் நோய்கள் வேறு வகை. ஹெப்சிடின் போதாமல் கதவு வாழ்நாள் முழுதும் திறந்தே கிடக்கும் மரபுநோய் ஒன்று வட ஐரோப்பிய வழியினரிடையே மிகுதி. கல்லீரல், இதயம், கணையம் ஆகியவற்றில் இரும்பு படிந்து, நீரிழிவும் கல்லீரல் சுருக்கமும் உண்டாகும். அதற்குரிய மருத்துவம் குறித்த இடைவெளிகளில் இரத்தத்தை எடுத்துவிடுவதே. வேறு வெளியேறும் வழி இல்லை என்று முன்னர்ச் சொன்னது இங்கே நினைவுக்கு வரும். இந்தியரிடையே அம்மரபுப் பிழை அரிது. இந்தியக் குடும்பங்கள் அஞ்ச வேண்டியது தலசீமியா.

தலசீமியாவில் சிவப்பணுக்கள் சரிவர உருவாவதில்லை. மச்சை இடைவிடாமல் இரும்பு கேட்டுக் கூக்குரலிட, ஹெப்சிடின் தாழ்ந்து, தேவையற்ற இரும்பு குடலின் வழியே நுழைகிறது. அதனோடு, உயிர் காக்க ஏற்றும் இரத்தப் பை ஒவ்வொன்றும் 200 மில்லிகிராம் அளவு இரும்பை உள்ளே விட்டுச் செல்கிறது. அக்குழந்தைகள் இரத்தத்தோடு இரும்பை நீக்கும் மருந்தையும் வாழ்நாள் முழுதும் கொள்ள வேண்டும். இந்தியரில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் இதன் மரபுப்பிழையை ஒற்றையாகச் சுமப்பவர்கள். அவர்களுக்கு நோய் இல்லை. ஹீமோகுளோபின் சற்றுக் குறைந்து, சிவப்பணுக்கள் சிறுத்துக் காணப்படும். அதனை இரும்புக்குறை என்று தவறாகக் கருதி ஆண்டுக்கணக்கில் டானிக் குடித்தவர்கள் உண்டு. இருவரும் சுமப்பவராக இருந்து மணந்துகொண்டால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு. சிறு சமூகத்துக்குள்ளேயே, அதிலும் உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்கள், பொருத்தம் பார்க்கும்போது ஹீமோகுளோபின் ஏ2 சோதனையையும் பார்த்துக்கொள்வது நன்று. வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். சுமப்பவர் எனத் தெரிவதில் பழி ஏதும் இல்லை.

ஆடவரையும் முதியோரையும் பற்றி ஒன்று மட்டும். மாதவிலக்கு இல்லாத ஒருவர்க்கு, ஐம்பது வயதைக் கடந்த ஆணுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ, இரும்புக்குறை வந்தால் அதற்கு உணவைக் காரணமாகச் சொல்லிவிடுதல் தவறு. எங்கோ இரத்தம் கசிகிறது என்பதே முதல் ஐயமாக இருத்தல் வேண்டும். வயிற்றுப்புண், மூலம், வலிநிவாரண மாத்திரையால் உண்டான கசிவு, சிலர்க்குக் குடல் புற்றுநோய் ஆகியவை இவ்வாறு மறைந்திருக்கும். "தாத்தாவுக்கு வயதாயிற்று, நோன்பும் இருக்கிறார், அதனால்தான் வெளிறிப் போனார்" என்று விட்டுவிட்ட வீடுகளில் புற்றுநோய் காலம் கடந்து தெரியவந்ததுண்டு. நோன்பு சில நாளில் இரும்பை வற்றச் செய்யாது. மச்சைக்கு வேண்டிய இரும்பு பழைய அணுக்களிலிருந்தே வருகிறது என்ற கணக்கு இங்கும் பொருந்தும்.

மீண்டும் முகாமுக்கு. 350 மில்லிலிட்டர் இரத்தம் தரும் ஒருவர் அதனோடு ஏறத்தாழ 150 மில்லிகிராம் இரும்பையும் தருகிறார். ஆண்களுக்கு 90 நாளும் பெண்களுக்கு 120 நாளும் இடைவெளி விதிக்கப்பட்டுள்ளன. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கொடுக்கும் ஆர்வலர்களின் சேமிப்பும் மெல்ல வற்றக்கூடும். அவர்கள் ஆண்டுக்கொருமுறை ஃபெரிட்டின் பார்த்துக்கொள்ளலாம். அறக்கட்டளைகள் முகாம் நடத்தும்போது, துளி மிதந்து திரும்பும் பெண்களுக்கென ஒரு மேசையை அருகிலேயே போட்டு, ஒரு பெண் மருத்துவரை அமர்த்தி, அவர்கள் விரும்பினால் முழு இரத்த எண்ணிக்கைக்கும் ஃபெரிட்டினுக்கும் மாதிரி எடுத்து அனுப்ப ஏற்பாடு செய்யலாம். முடிவுகளை உரியவரிடம் மட்டும் தர வேண்டும். மூன்று மாதம் கழித்து, அடுத்த விழாவுக்குக் கூடும்போது, அதே பெண்களின் இரத்தத்தை மறுபடி சோதித்துப் பார்ப்பதற்குச் செலவு அதிகம் ஆகாது.